அத்தியாயம் 6: பால், சுணை, தூள்: தோலைச் சுடும் செடிகள்

காவிரியின் கடைமடையில் இருக்கிறது காரைக்கால். அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜன் ஆறும் கடல் சேரும் இந்தச் சிறிய நிலத்தில் நெல்வயல், வாய்க்கால் கரை, தரிசு, கழிமுகம், கடற்கரை மணல் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். காலையில் வரப்பில் களை பிடுங்கியவர் மாலையில் வேலிக்கள்ளியை வெட்டியிருப்பார். இரவில் கை அரிக்கும்போது எது பட்டது என்று அவரால் சொல்ல முடியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோருக்காகவும் எழுதப்பட்ட அத்தியாயம் இது. நடவு, களை வேலைக்குப் போகும் பெண்கள், நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாருபவர்கள், பூ பறிப்பவர்கள், முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் என யாருக்கும் இது நேரலாம். இணையத்தில் தேடினால் 'பாய்சன் ஐவி' என்ற கொடியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக வரும். அது வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் வளர்வது, நம் ஊரில் இல்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் நம்மிடம் இருக்கின்றன. நமக்கு வேண்டியது நம் செடிகளைப் பற்றிய அறிவு.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். எந்தச் செடி பட்டாலும் முதல் மருந்து தண்ணீரும் சோப்பும்தான். பச்சிலைச் சாறு, சுண்ணாம்பு, விளக்கெண்ணெய், கடையில் வாங்கிய களிம்பு எதுவும் அதற்கு முன்னால் வரக்கூடாது.

எரிச்சலா, ஒவ்வாமையா?

செடியால் வரும் தோல் கோளாறு பெரும்பாலும் இரண்டு வகை. எது என்று தெரிந்துகொள்ள நேரத்தைக் கவனியுங்கள்.

எரிச்சல் வகை பட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். யாருக்குப் பட்டாலும் வரும். பட்ட இடத்தில் மட்டும் சிவந்து எரியும், சில நேரம் வெந்ததுபோல் கொப்பளிக்கும். கள்ளிப்பால், காஞ்சொறி, சேனைக்கிழங்கு ஆகியவை இந்த வகை.

ஒவ்வாமை வகை மெதுவாக வரும். பட்டு ஒன்று முதல் மூன்று நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் நீர்க் கொப்புளமும் தோன்றும். எல்லோருக்கும் வராது. உடல் ஒருமுறை அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டால், அடுத்த முறை சிறு துளி பட்டாலும் எதிர்த்து எழும். பல வருடம் ஒன்றும் செய்யாத செடி திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். பார்த்தீனியம், சேராங்கொட்டை, முந்திரி ஓட்டு எண்ணெய், மாம்பால் ஆகியவை இந்த வகை.

ஒரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடலாம். செடி ஒவ்வாமையில் வரும் கொப்புளம் உடைந்து வடியும் நீர் மற்றவருக்குத் தொற்றாது, உடம்பில் வேறு இடத்துக்கும் பரவாது. புதிதாகத் தடிப்பு வருவதற்குக் காரணம், அந்த இடத்தில் எதிர்வினை பிந்தித் தொடங்கியது, அல்லது நகத்திலும் துணியிலும் அரிவாள் பிடியிலும் செடியின் சாறு இன்னும் ஒட்டியிருப்பது.

பால் வடியும் செடிகள்

திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி: வேலி ஓரங்களில் பார்க்கிறோம். ஒடித்தவுடன் வெள்ளைப் பால் பீறிடும். தோலில் பட்டால் எரிந்து சிவக்கும், சில மணி நேரத்தில் கொப்பளிக்கவும் கூடும். கண்ணில் தெறித்தால் கடுமையான வலி, கண்ணீர், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் எல்லாம் வரும். முதல் மணி நேரத்தைவிடப் பிறகுதான் வலி கூடும் என்பதால், 'சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். இந்தப் பால் பிசுக்கு உள்ளது, வெறும் தண்ணீரில் எளிதில் போகாது. தோலில் பட்டதை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

எருக்கு: விநாயகர் சதுர்த்திக்குப் பூ பறிக்கும்போதும் மாலை கட்டும்போதும் எருக்கம்பால் விரலில் ஒட்டும். அந்த விரலால் கண்ணைக் கசக்குவதுதான் ஆபத்து. எருக்கம்பால் கண்ணின் கருவிழிப் படலத்தை வீங்கச் செய்து பார்வையை மங்கலாக்கும். ஆனால் பல நேரம் வலியே இருக்காது. வலி இல்லாததால் மக்கள் தாமதிக்கிறார்கள். எருக்கம்பால் பட்ட கண்ணில் புகை படிந்ததுபோல் தெரிந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். உடனே சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும்.

தில்லை: சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இது. காரைக்காலுக்கு வடக்கே பிச்சாவரத்திலும் தெற்கே முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகளில் வளர்கிறது. கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையையே மறைக்கும். இந்த விறகின் புகையும் கண்ணை எரிக்கும். கழிமுகத்தில் படகு விடுவோரும் இறால், நண்டு பிடிப்போரும் அடையாளம் தெரியாத பால்மரத்தைக் கட்டுக்கம்புக்கோ விறகுக்கோ வெட்டாமல் இருப்பது நல்லது.

மாவும் உறவுகளும்

ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் வீசப்படும் ஊர் இது. அந்தப் பருவத்தில் சிறு பிள்ளைகளின் வாய் ஓரத்திலும் கன்னத்திலும் சிவந்து வெந்ததுபோன்ற புண்ணைப் பார்க்கலாம். காம்பைக் கிள்ளும்போது பீறிடும் மாம்பாலும் தோலோடு சேர்த்துக் கடிப்பதும்தான் காரணம். சதைப்பகுதியில் பிரச்சினை குறைவு, பாலும் தோலும்தான் தொல்லை. மாங்காயைக் காம்போடு பறித்து, பிறகு காம்பை நறுக்கிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுங்கள். நன்றாகக் கழுவித் தோலைச் சீவித்தான் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கண் இமை வீங்கினாலோ முகம் முழுதும் தடித்தாலோ அந்தப் பிள்ளைக்கு மாம்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் கருநிற எண்ணெய் இதைவிடக் கடுமையானது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் தொழிலாளர்களின் கைகளைக் கருக்குவது இந்த எண்ணெய்தான். பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் அடுப்பில் சுட்டுத் தின்ன முயலும்போது எண்ணெய் தெறித்து முகம் வெந்துவிடும், புகையும் கண்ணையும் மூச்சையும் தாக்கும். வீட்டில் அதைச் சுட வேண்டாம்.

சேராங்கொட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறியிட்ட அழியாத கறுப்பு மை இதன் சாறுதான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சட்டையில் குறி பட்ட இடத்திலெல்லாம் தோல் தடித்து நீர் கோத்தது. 1943-ல் அமெரிக்க மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். சித்த மருத்துவம் இதைச் சுத்தி செய்த பிறகே பயன்படுத்துகிறது. மூட்டுவலிக்கோ பித்தவெடிப்புக்கோ வீட்டில் தானாக இடித்துப் பூசினால், நடுவில் கறுத்துச் சுற்றிலும் கொப்பளித்த புண் வரும். ஆறிய பின்னும் கறை பல மாதம் நிற்கும்.

சுணை உள்ளவை

நெல் அடிக்கும்போதும் வைக்கோல் போர் போடும்போதும் உடம்பில் ஏறும் சுணையை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். குளித்தால் போய்விடும். மற்ற இரண்டு அவ்வளவு எளிதல்ல.

காஞ்சொறி, செந்தட்டி என்று அழைக்கப்படும் சிறு கொடி வேலியிலும் புதரிலும் படரும். இலையின் ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும், மேலே முள்மயிர் இருக்கும். உரசினால் தேள் கொட்டியதுபோல் சுருக்கென்று ஏறும், தடித்துச் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இருட்டில் பட்டால் பூச்சிக்கடி, பாம்புக்கடி என்ற பயம் வரும். பாம்புக்கடி என்ற சந்தேகம் துளி இருந்தாலும் செடி என்று முடிவுகட்டி வீட்டில் உட்காராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பூனைக்காலியின் காய் மேல் பழுப்பு நிற வெல்வெட் போல மயிர் மூடியிருக்கும். காய் முற்றிக் காய்ந்ததும் அது காற்றில் உதிரும். தாங்க முடியாத அரிப்பு வரும். அந்த மயிரில் இருக்கும் ஒரு நொதிதான் நேராக நரம்பைத் தூண்டுகிறது. அதனால் வழக்கமான அலர்ஜி மாத்திரை இதற்கு அதிகம் உதவாது. மயிரை அகற்றுவதே சிகிச்சை.

தேய்க்கவோ சொறியவோ கூடாது, தேய்த்தால் மயிர் உள்ளே இறங்கும். பிளாஸ்திரி அல்லது செல்லோ டேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி ஒரே இழுப்பில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு ஒட்டிப் பல முறை செய்து, பிறகு சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

தூளாகப் பறப்பது: பார்த்தீனியம்

கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலை, இடுப்பளவு உயரம், கொத்துக் கொத்தாகச் சிறிய வெள்ளைப்பூ. மழை பெய்ததும் சாலையோரத்திலும் தரிசிலும் முளைத்துவிடும். 1950-களின் நடுவில் புனேயில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு நாடு முழுதும் பரவிய களை இது.

இதைத் தொட வேண்டியதே இல்லை. காய்ந்த இலைத் துகளும் பூத்தூளும் காற்றில் வந்து படிந்தாலே போதும். நெற்றி, கண்ணிமை, காதின் பின்புறம், கழுத்து, சட்டைப் பொத்தான் திறந்திருக்கும் மார்புப் பகுதி, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கறுத்து, சொறிந்து சொறிந்து சொரசொரப்பாகும். பல வருடம் வயலில் உழைத்த நடுவயது ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். பார்த்து வேறுபடுத்த ஒரு வழி உண்டு. வெயிலால் வருவது மேல் இமையையும் காதின் பின்பக்கத்தையும் தாடையின் கீழ்ப்பகுதியையும் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றில் வரும் தூள் அந்த மறைவான இடங்களிலும் படியும்.

இது ஒருமுறை வந்து போகும் நோயல்ல. முதுகில் சிறு ஒட்டுகள் வைத்து 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்' மூலம் காரணத்தை உறுதிசெய்யலாம். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதைச் செய்கிறார்கள். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்தியும் சூரியகாந்தியும் ஒத்துக்கொள்ளாது. திருநள்ளாறு போன்ற கோயில் ஊர்களில் பூக்கட்டுபவர்கள், விரல் நுனியில் வெடிப்பும் அரிப்பும் நிற்காமல் இருந்தால் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுக்களையும் மருந்துப் பெட்டியும்

சேனை, கருணை, சேம்பு நறுக்கும்போது கை அரிப்பதும் வாய் காறுவதும் அவற்றில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களால். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவதும் புளி சேர்த்து நன்றாக வேகவைப்பதும் நம் பாட்டிகள் காட்டிய வழி, இன்றும் சரியானது. அரிக்கும் கையைப் புளிக்கரைசலில் கழுவலாம். வாயிலோ தொண்டையிலோ வீக்கம் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

மருந்தென்று பூசுவதே காயமாவதும் உண்டு. கொடிவேலி வேரை அரைத்துக் கட்டினால் தோல் கொப்பளிக்கும். பச்சைப் பூண்டை நசுக்கி மணிக்கணக்கில் கட்டி வைத்தால் வெந்த புண் வரும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், சாறு ஒழுகிய கோட்டிலேயே எரிந்து கறுக்கும்.

செடி அல்லாதவை

மூன்றைத் தவறாகச் செடியின் மேல் போடுகிறோம்.

முதலாவது அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, முன்கூட்டியே எரிச்சலும் வலியுமாகக் கொப்புளம் வந்தால் அது சின்னம்மை வைரஸ் மீண்டும் எழுவது. காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு, அதில் பலருக்கு மன ஆறுதலும் உண்டு. ஆனால் வைரஸ் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். எழுதிக்கொள்வதற்காக அந்த மூன்று நாளை இழக்காதீர்கள்.

இரண்டாவது, சிவப்பும் கறுப்புமாக எறும்பைப் போல் ஒல்லியாக இருக்கும் வண்டு. நெல்வயலில் புகையானைத் தின்று நன்மை செய்வது இது. இரவு விளக்குக்கு வந்து உடம்பில் உட்காரும்போது நசுக்கினால், மறுநாள் கோடு இழுத்ததுபோல் வெந்த தடம் இருக்கும். ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள்.

மூன்றாவது, மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் அடையும் கம்பளிப்பூச்சி. அதன் மயிருக்கும் மேலே சொன்ன டேப் முறைதான்.

பட்டவுடன் செய்ய வேண்டியவை

1. கண்ணில் பட்டிருந்தால் அதுதான் முதலில். இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். தண்ணீர் மூக்குப் பக்கத்திலிருந்து காது பக்கமாக ஓட வேண்டும். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது. கழுவிய பின் கண் மருத்துவரிடம் கட்டாயம் போங்கள்.

2. பாலை ஒற்றி எடுங்கள், சுணையை டேப்பால் எடுங்கள். பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும். மா, முந்திரி, சேராங்கொட்டைச் சாறு பட்டால் பத்து நிமிடத்துக்குள் கழுவுவது நல்லது. அதன் எண்ணெய் தோலில் வேகமாக இறங்கிவிடும்.

3. நகத்தின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கழுவுங்கள்.

4. உடுத்திய துணியை மாற்றித் தனியாகத் துவையுங்கள். அரிவாள், மண்வெட்டிப் பிடியையும் சோப்பால் கழுவுங்கள்.

5. செடியை அலைபேசியில் படம் எடுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

அடுத்த நாட்களில்

குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியை 15 நிமிடம் வீதம் நாளைக்கு மூன்று நான்கு முறை போடுங்கள். கொப்புளம் உடையாத இடத்தில் காலமைன் லோஷன் தடவலாம். அரிப்புக்குப் பெரியவர்கள் இரவில் ஒரு செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள், மேல்தோல்தான் அதற்கு நல்ல கட்டு.

மருந்துக் கடையில் 'சொறி களிம்பு' என்று கேட்டு வாங்குவது பெரிய ஆபத்து. அவற்றில் பல, வீரியமுள்ள ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தவை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், முடி முளைக்கும், நிறுத்தினால் நோய் இன்னும் சிவந்து எழும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு மாத்திரையாகத் தந்தால் இரண்டு மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அரிப்பு நின்றது என்று ஐந்தாம் நாளே விட்டுவிட்டால் தடிப்பு திரும்பி வரும்.

உடனே மருத்துவமனைக்கு

உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். கண்ணில் பால் பட்டால், செடி எரித்த புகையைச் சுவாசித்து இருமல் நிற்காவிட்டால், முகமோ பிறப்புறுப்போ வீங்கினால், உடம்பில் பெரும்பகுதி கொப்பளித்தால் அன்றே போங்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவற்றுக்கும் மருத்துவர் வேண்டும். கருவேல முள்ளோ தாழை முள்ளோ குத்தியிருந்தால் முள் முழுதும் வந்ததா என்று பார்த்து, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். என்ன பட்டது, எத்தனை மணிக்கு, உடம்பில் எங்கே, மேலே என்ன பூசினீர்கள் என்ற நான்கையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வராமல் காக்க

புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வயலில் இறங்கும் நம் பெண்களின் வழக்கம் நல்ல பாதுகாப்பு. அதோடு ரப்பர் கையுறையும் தலைத்துண்டும் சேரட்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பயிர் இல்லாத இடத்தில் மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்புக் கரைத்துத் தெளித்தும் அழிக்கலாம். ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது. வெட்டிய பார்த்தீனியத்தையும் பால்மரத்தையும் கொளுத்தாதீர்கள்.

வேலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்வெட்டியும் அரிவாளும் கொண்டுபோகும் வண்டியில் ஒரு குடம் சுத்தமான தண்ணீரும் ஒரு சோப்புக் கட்டியும் வையுங்கள். கண்ணில் பால் தெறித்தவர் குழாயைத் தேடி ஒரு கிலோமீட்டர் ஓடும் நிலை எந்த வேலையிடத்திலும் இருக்கக் கூடாது.